சுற்றுலாவுக்கு ஊசியும் வரட்டும்!

கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூர் படகுத் துறைக்கு வெளியே கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. போளூர் பக்கமிருந்து வந்தவை, ஆலங்காயம் வழியாக ஏறி வந்தவை, அமிர்தி காட்டைக் கடந்து வேலூரிலிருந்து வந்தவை. கண்ணாடிகள் ஏற்றிப் பூட்டியிருக்கின்றன. உச்சி வெயில்.

முதல் காரின் டேஷ்போர்டு அறைக்குள் ஒரு சுருக்குப் பை. தாத்தாவின் இன்சுலின் பேனா அதில் இருக்கிறது. இரண்டாவது காரில் இன்னும் கவனமான குடும்பம். தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ்கட்டி, அதற்கு நடுவே புதைத்து வைத்த இன்சுலின் குப்பி. மூன்றாவது காரில் இன்சுலினே இல்லை. "ரெண்டு நாள்தானே, போய் வந்து போட்டுக்கலாம்" என்று வீட்டு ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார் அம்மா.

விடுமுறை நாளில் எந்த மலைக்குப் போனாலும் இந்த மூன்று கார்களையும் பார்க்கலாம். மூன்றிலுமே தவறு இருக்கிறது. ஆனால் மூன்றாவது காரில் வந்த அம்மாவுக்குத்தான் ஆபத்து அதிகம். பயணத்தில் இன்சுலின் கெட்டுவிடும் என்று பயந்து ஊசியையே விட்டுவிடுகிறவர்கள் நம் வீடுகளில் ஏராளம். அந்தப் பயத்தில் பாதி தேவையற்றது. பயப்பட வேண்டிய மீதிப் பாதியையோ நாம் கண்டுகொள்வதில்லை.

வாந்தி மலைப்பாதையாலா, சர்க்கரையாலா?

2023-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது, சுற்றுலா போகும் வேன் ஒவ்வொன்றிலும் ஒருவராவது இருப்பார். எல்லோரும் ஊசி போடுகிறவர்கள் அல்லர். மாத்திரையோடு சமாளிப்பவர்களே அதிகம். ஆனால் ஊசி போடுகிறவருக்கு அது விட்டுவிட்டுப் போகக்கூடிய மருந்து அல்ல.

டைப் 1 நோயாளியின், குறிப்பாகக் குழந்தைகள், இளைஞர்களின் உடல் இன்சுலினை ஏறக்குறைய சுரப்பதே இல்லை. ஊசியை நிறுத்தினால் ஒரே நாளில் நிலைமை மோசமாகலாம். சர்க்கரையை எரிக்க முடியாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேர்கிறது. தாகம், அடிக்கடி சிறுநீர், வயிற்றுவலி, வாந்தி, பிறகு ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு, மயக்கம். மலையில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த பிள்ளை வாந்தி எடுத்தால், "மலை ஏறினது ஒத்துக்கல" என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்போம். வண்டி நின்று, ஓய்வெடுத்த பிறகும் வாந்தி நிற்கவில்லையென்றால் முதலில் செய்ய வேண்டியது விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. அளவு எகிறியிருந்தால் அறைக்குத் திரும்பிப் படுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டைப் 2 நோயாளியின் உடலில் கொஞ்சம் இன்சுலின் மிச்சமிருக்கும். அதனால் ஒரே நாளில் விழுந்துவிட மாட்டார். ஆனால் சர்க்கரை ஏற ஏற, சிறுநீரோடு உடலின் நீரும் போகும். வெயிலில் அலைந்து, கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்ட பெரியவருக்கு இதுவே போதும், ஊர் திரும்பியதும் மருத்துவமனையில் சேர்வதற்கு.

கெடுப்பது ஐஸ்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் வைக்க வேண்டும். இதைக் கேட்டுக் கேட்டு, "எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது" என்று மனதில் பதிந்துவிட்டது. இரண்டாவது காரின் ஐஸ் பெட்டி அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான்.

இன்சுலின் ஒரு புரதம். உறைந்தால் அதன் அமைப்பு குலைந்துவிடும். உருகிய பிறகு பார்வைக்குச் சரியாக இருந்தாலும் அதை நம்பிப் போட முடியாது. உறைந்த இன்சுலின் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதே. வெயிலில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வீரியம் இழக்கும். உறைந்ததற்கு அந்த அவகாசமும் இல்லை.

நம் கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தடுப்பூசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே உள்ளே வைக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, காதருகே பிடித்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் அலசும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும். சில தடுப்பூசிகள் உறைந்தால் வீணாகிவிடும் என்பதால் வந்த பழக்கம் இது. ஐஸ் பேக் எடுத்துப் போகிறவர்கள் இதே வழியைப் பின்பற்றலாம். அதோடு, இன்சுலினை ஒரு துண்டிலோ கெட்டித் துணியிலோ சுற்றி, ஐஸ் நேரடியாகத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விடுதி அறையின் சின்ன ஃப்ரிட்ஜிலும் இந்த ஆபத்து உண்டு. ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் வைத்தால் இரவோடு இரவாக உறைந்துபோகும். கதவுப் பகுதியில் வையுங்கள். விமானத்தில் போகிறவர்கள் இன்சுலினைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்கோடு அனுப்பும் பெட்டி தொலையலாம், அங்கே குளிரில் உறையவும் கூடும். மருத்துவரின் சீட்டு கையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் சிக்கல் வராது.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: கண்ணால் பார்த்தே சொல்லலாம்

உடனே வேலை செய்யும் வகையும், கிளார்ஜின் போன்ற நீண்ட நேர வகையும் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால், நிறம் மாறியிருந்தால், துகள் மிதந்தால் போடக் கூடாது.

30/70 போன்ற கலவை இன்சுலின் இயல்பிலேயே பால்போல இருக்கும். உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து மெதுவாக உருட்டிய பிறகு ஒரே சீராக வெண்மையாக வர வேண்டும். திரிதிரியாக நின்றாலோ, குப்பியின் உட்புறக் கண்ணாடியில் பனி படர்ந்ததுபோல ஒட்டியிருந்தாலோ அது கெட்டுவிட்டது. வேகமாகக் குலுக்க வேண்டாம்.

பார்வைக்கு நன்றாக இருந்தும், வழக்கமான சாப்பாட்டுக்கே சர்க்கரை காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போனால் புதிய குப்பிக்கு மாறிவிடுங்கள்.
━━━━━━━━━━

அகதி முகாமிலிருந்து ஒரு நல்ல சேதி

அப்படியானால் வெயில்? கென்யாவின் வடக்கே தகாஹலே அகதி முகாமில் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் வீடுகள் அரிது. அங்குள்ள சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொரு ஊசிக்கும் மருத்துவமனைக்கு நடக்க வேண்டியிருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்த வீடுகளின் வெப்பத்தை அளந்தன. நாள் ஒன்றில் 25-லிருந்து 37 டிகிரி வரை ஏறி இறங்கியது. அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வகத்தில் உண்டாக்கி, இன்சுலினை நான்கு வாரம் வைத்துச் சோதித்தார்கள். குளிர்ச்சியில் வைத்திருந்த இன்சுலினுக்கும் இதற்கும் வீரியத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2021 பிப்ரவரியில் இந்த முடிவு வெளியானது.

2023-ல் காக்ரேன் அமைப்பு, கிடைத்த சான்றுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து ஒரு படி மேலே போனது. திறக்காத சாதாரண மனித இன்சுலினை 25 டிகிரி வரை ஆறு மாதமும், 37 டிகிரி வரை இரண்டு மாதமும் வைத்திருந்தாலும் சிகிச்சையைப் பாதிக்கும் அளவுக்கு வீரியம் குறைவதில்லை என்றது. இதைப் படித்துவிட்டு வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து குப்பியை வெளியே எடுத்துவிட வேண்டாம். ஃப்ரிட்ஜ் இருப்பவர்கள், பெட்டியில் அச்சிட்டிருப்பதையே பின்பற்ற வேண்டும். பெரும்பாலான இன்சுலின், பயன்படுத்தத் தொடங்கிய பிறகு 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். சில புதிய வகைகள் இன்னும் அதிக நாள் தாங்கும். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு, கையில் இருக்கும் பேனாவுக்கு ஐஸே தேவையில்லை என்பதுதான் இதன் பொருள். நிழல் இருந்தால் போதும்.

ஜவ்வாது மலையில் அந்த நிழலுக்குப் பஞ்சமில்லை. காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போதும் மலைமேல் வெப்பம் குறைவுதான். இன்சுலினுக்குச் சோதனை, மலைக்கு வந்து சேரும் வழியில்தான். வெயிலில் பூட்டிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். டேஷ்போர்டுக்குள் வைத்த பேனாவுக்கு எந்த ஆய்வும் உத்தரவாதம் தராது. ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியும் அப்படித்தான். பேருந்தில் டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் பையை வைப்பது நம் ஊர் வழக்கம். இன்சுலின் பையை மட்டும் அங்கே வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது கூடவே எடுத்துப் போங்கள். குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போக மாட்டோம் அல்லவா?

ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் பல நாள் தங்குகிறவர்களுக்கு மண்பானை இருக்கிறது. அகலமான பானையில் ஈர மணலைப் பரப்பி, அதற்குள் சிறிய சட்டியை வைத்து, இன்சுலினைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, ஈரத் துணியால் மூடி நிழலில் வைத்தால், ஆவியாகும் நீர் உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். காற்று உலர்ந்திருக்கும் கோடையில் இது நன்றாக வேலை செய்யும், மழைக்காலத்தில் பலன் குறையும். தண்ணீரில் நனைத்து எடுத்துச் செல்லும் இன்சுலின் பைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவையும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.

நாற்பதா, நூறா?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

இந்தியாவில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. 10 மில்லிக் குப்பியில் 400 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜோ ஒரு மில்லிக்கு 100 யூனிட். 3 மில்லியில் 300 யூனிட் அடங்கும். அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் குப்பியும் 100 யூனிட் வகைதான். அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா மலையில் சிரிஞ்சைத் தொலைத்துவிடுகிறார். கீழே போய் மருந்துக் கடையில் வாங்கினால் கிடைப்பது சிவப்பு மூடி சிரிஞ்ச். தன் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை இழுக்கிறார். உள்ளே வருவது அரை மில்லி. உடலுக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. சில மணி நேரத்தில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கும். மாறாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறும், காரணம் புரியாது.

பேனா கெட்டுப்போனால் சிலர் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சிப் போட்டுக்கொள்கிறார்கள். அதிலும் இதே இரண்டரை மடங்கு ஆபத்து இருக்கிறது. எந்த மருந்துக்கு எந்த சிரிஞ்ச் என்று தெரியாவிட்டால், ஒரு மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்காமல் போட வேண்டாம்.

எவ்வளவு எடுத்துப் போவது? காலையில் 20, இரவில் 12 என்று போடுகிறவருக்கு நாளுக்கு 32 யூனிட். பேனாவில் ஒவ்வொரு முறையும் ஊசி முனையில் துளி வருகிறதா என்று பார்க்க 2 யூனிட் வெளியேற்ற வேண்டும். ஆக 36. ஒரு கார்ட்ரிட்ஜ் எட்டு நாளைக்கு வரும். மூன்று நாள் பயணத்துக்கு ஒன்றே போதும்தான். ஆனால் கீழே விழுந்து உடைந்தால்? அதனால் தேவையைப் போல இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பேருடைய பையில் பிரித்து வையுங்கள். ஊசி முனை, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், மீட்டருக்கு பேட்டரி ஆகியவையும் இரண்டு பங்கு. மருந்தின் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதி, கைப்பேசியிலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் சிக்னல் கிடைக்காத இடங்கள் நிறைய.

அருவிக்கு நடந்தால் சர்க்கரை இறங்கும்

சுற்றுலாவில் சர்க்கரை ஏறும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஊசி போடுகிறவருக்கு இறங்குவதும் நடக்கும். வழக்கமாக வீட்டுக்குள் நடப்பவர் பீமன் நீர்வீழ்ச்சிக்கு ஏறி இறங்குகிறார். தசைகள் சர்க்கரையை அள்ளிக்கொள்கின்றன. காலையில் தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே நடந்தால் மருந்து இன்னும் வேகமாக ரத்தத்தில் கலக்கும். நடக்கும் நாளில் வயிற்றில் போடுவது நல்லது. அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, "சாப்பாடு வந்துவிடும்" என்று நம்பி முன்கூட்டியே ஊசி போடுவது. மலையில் உணவகங்கள் குறைவு. போன பிறகுதான் சமைக்கவே தொடங்குவார்கள். பேருந்து தாமதமாகும். சாப்பாடு கண் முன்னால் வந்த பிறகு ஊசி போடுங்கள்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, குழறும் பேச்சு வந்தால் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் எதையாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

ஜவ்வாது மலைக்கு வருகிறவர்கள் தேன் வாங்காமல் திரும்புவதில்லை. "மலைத் தேன் சுகருக்கு ஒன்றும் செய்யாது" என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். தேனும் சர்க்கரைதான். லோ சுகர் வந்த நேரத்தில் அது மருந்து, மற்ற நேரத்தில் அல்ல. இங்கே விளையும் சாமை நல்ல தானியம், நார்ச்சத்து உள்ளது. ஆனாலும் அளவின்றிச் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: பலாப்பழக் கையும் பொய்க் கணக்கும்

பலாச்சுளையோ சீத்தாப்பழமோ தின்ற கையோடு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால், தோலில் ஒட்டிய பழச் சர்க்கரை ரத்தத் துளியில் கலந்து அளவை மிக அதிகமாகக் காட்டும். அதை நம்பிக் கூடுதல் இன்சுலின் போட்டால் லோ சுகரில் முடியும். சானிட்டைசர் துடைப்பு போதாது. தண்ணீரில் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

பயன்படுத்திய ஊசிகளை விடுதிக் குப்பைக்கூடையிலும் காட்டிலும் போடாதீர்கள். அவற்றை எடுக்கப் போவது வெறுங்கையோடு வேலை செய்யும் ஒருவர். கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடி ஊருக்கே எடுத்து வந்து, உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் கொடுங்கள்.
━━━━━━━━━━

மலையில் பிறந்தவருக்கு?

இதுவரை பேசியது இரண்டு நாள் விருந்தினர்களுக்கு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில் மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். நாம் பொழுதுபோக்குக்காக ஏறும் பாதையில் அவர்கள் மருந்துக்காக இறங்குகிறார்கள்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலைக் கிராமத்தில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியாமல் இறந்தது. சாலை இல்லாததால் அந்தச் சிறு உடலைத் தாய் கையில் ஏந்தியபடி நடந்தே மலையேறினார். தமிழ்நாடே பார்த்துக் கலங்கியது. பாம்புக்கடி ஒரு நாள் ஆபத்து. இன்சுலினோ தினமும் இரண்டு வேளை தேவைப்படுவது. அதே பாதையின் தூரம் இன்சுலின் தேவைப்படும் மலை நோயாளியை ஓசையில்லாமல், மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும்.

1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் 14 வயதுச் சிறுவன் லியோனார்டு தாம்ப்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. கண்டுபிடித்த பாண்டிங்கும் கூட்டாளிகளும் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தது. நூறாண்டு கடந்தும், மலைக் கிராமத்துக்கு அது போய்ச் சேர்வதில் தடை இருப்பதை ஏற்க முடியவில்லை.

தமிழ்நாடு செய்திருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் விருது கிடைத்தது. மாத்திரைக்குக் குளிர்ச்சி வேண்டாம், அதனால் வாசல் வரை வருகிறது. ஊசி மருந்துக்கு வரும்போதுதான் "வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கா?" என்ற கேள்வி குறுக்கே நிற்கிறது. இல்லை என்று சொல்லும் நோயாளி, ஊசி தேவைப்படும் கட்டத்திலும் மாத்திரையிலேயே நிறுத்தப்படும் அபாயம் இருக்கிறது. பாதங்களில் புண், கண் பார்வை மங்கல், சிறுநீரகச் சிதைவு என்று அதன் விலை பின்னால் வரும்.

தகாஹலே ஆய்வும் காக்ரேன் முடிவும் இந்தக் கேள்விக்குப் பதில் தந்துவிட்டன. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும், மண்பானையும் நிழலும் இருந்தால் இன்சுலினை நம்பிக் கொடுக்கலாம். கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ வேலைக்குப் போகும் மலைக் குடும்பத்துக்கு, ஒரு மாத அளவுக்குப் பதிலாக இரண்டு மாத இன்சுலினையும் அதற்கேற்ற சிவப்பு மூடி சிரிஞ்சுகளையும் சேர்த்துக் கொடுக்கலாம். எங்கே போனாலும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டும்படி, மருந்தின் பெயரும் யூனிட்டும் தெளிவாக எழுதிய அட்டை ஒன்றும் கொடுக்கலாம். மலையில் உள்ள துணைச் சுகாதார நிலையங்களில் சில குப்பிகளை இருப்பு வைத்தால், மழையில் பாதை அறுந்துபோகும் வாரத்தில் ஒருவர்கூட ஊசி இல்லாமல் தவிக்க வேண்டியிருக்காது. இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. மாவட்டச் சுகாதாரத் துறை முடிவெடுத்தால் அடுத்த கோடைக்குள் செய்துவிடலாம்.